தேவதர்ஷினியின் எடை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பொய்யிலிருந்து கிடைத்தது. பொய் எழுதியவர் நல்லவர். அதனால்தான் பத்து நாளாக எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகை விடியலில்…" வேண்டாம். புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: "ஈஸ்வரி டீச்சர் கருணையே…" இதையும் அடித்தேன். அந்தச் சொல்தான் இப்போது என்னை உறுத்துகிறது.

2

நடந்ததைச் சொல்கிறேன். தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் ஊரில் ஈஸ்வரி அங்கன்வாடி டீச்சர். வெள்ளிக்கிழமைகளில் கோயில் சுண்டலை அங்குள்ள பிள்ளைகளுக்குக் கொண்டுபோவது என் வழக்கம்.*

மோனிகா ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்ப்பவள். அவள் மகள் தேவதர்ஷினிக்கு ஒன்றரை வயது. மெலிந்த பிள்ளை என்பதால் அரசின் ஊட்டச்சத்துப் பெட்டகம் கிடைத்தது: நெய், பேரீச்சை, சத்துமாவு.

எடை போடும்போது மோனிகா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது இங்குள்ள தாய்மார்களின் பயம்.

"சத்தமா சொல்லாதீங்க டீச்சர். எங்கூட்டுக்காரு காதுல வுழப்போவுது. அவரு கண்ணு பட்டா கோழிகூட முட்ட வுடறத நிறுத்திடும்."

பெட்டகம் வேலை செய்தது. எடை எழுநூறு கிராம் ஏறியிருந்தது. ஏறிவிட்டால் பெட்டகம் நின்றுவிடும். ஈஸ்வரி போன மாத எடையையே மறுபடியும் எழுதினார். அடுத்த மாதமும் அதையே.

(* சுண்டலைச் சேர்த்தது என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத்தான். நீங்கள் அதை விட்டுவிட்டே படிக்கலாம்.)

3

இரண்டு மாதம் எடையே ஏறாத பிள்ளை என்று டீச்சரின் கைபேசிச் செயலி சிவப்பாகக் காட்டியது. மேலதிகாரி போன் செய்தார். பிள்ளையைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் சேர்க்க வேண்டும், தாயும் கூடத் தங்க வேண்டும்.

மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று காண்ட்ராக்டர் மோனிகாவிடம் சொல்லிவிட்டான். அவள் தயங்கவே இல்லை. நாளைக் காலை பஸ். துணியெல்லாம் பையில் வைத்தாகிவிட்டது.

"புள்ள நல்லாத்தான் ஆடிக்கினு கீது. உள்ளுக்குள்ள இன்னா நோவுன்னு நமக்கு இன்னாம்மா தெரியும்," என்றாள் என்னிடம்.

4

எடை ஏறியது தூக்கும்போதே ஒரு தாய்க்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். மோனிகாவை எழுதும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஷிஃப்ட் முழுக்க நின்றுவிட்டு வரும் கைக்கு எல்லாமே கனம்தான்.

இனி முடிவுகள்.

அ. ஈஸ்வரி உண்மையைச் சொல்கிறார், அதிகாரி மன்னிக்கிறார். (எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.)

ஆ. ஆஸ்பத்திரித் தராசு உண்மையைக் காட்டுகிறது. அதற்குள் மோனிகாவின் வேலை போய்விடுகிறது.

இ. யாரும் வாயைத் திறக்காமல், எல்லோரும்…

5

ஒன்றை மறைத்துவிட்டேன். முதல் முறை பொய் எடை எழுதும் முன் ஈஸ்வரி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "எழுதலாமாம்மா?" என்றார். குழந்தையின் வயிற்றுக்குத்தானே, இதைச் சாமி பொய்யாக எடுத்துக்கொள்ளாது என்றேன். சாமியைக் கேட்காமலே சொன்னேன்.

இன்று சாயங்காலம் ஈஸ்வரி வீட்டுக்கு வந்தார்.

"சொன்னா என் வேலை போயிடும். சொல்லாங்காட்டி அவ வேலை போயிடும். கோயிலுக்குப் போறவங்க நீங்க, ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் போய்விட்டார்.

சின்னச் சின்ன அன்பால்தான் உலகம் நிற்கிறது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் நாங்கள் இருவரும் மோனிகாவுக்காக இரங்கினோமே தவிர, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

6

முடிவை உங்களிடம் விடுகிறேன். இப்போது இரவு மணி ஏழு. பஸ் காலை ஆறரைக்கு. மோனிகா வீடு மூன்றாவது தெருவில் இருக்கிறது. வழியில்தான் ஈஸ்வரியின் வீடு. முதலில் அங்கே போய், என்னோடு வருகிறீர்களா என்று கேட்க வேண்டும். வரமாட்டேன் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வந்தால், மோனிகா எங்கள் இருவரையும் வாசலில் பார்த்ததும் என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளை அழவைத்தாலும் சரி, எங்களைத் திட்டவைத்தாலும் சரி. நான் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன்.