ஹெட்லி போட்ட ஒரே ட்ரை

ஹெட்லி ஆர்மிடேஜ் எங்கள் ஊர் ரக்பி லீக் அணியின் முன்வரிசையில் பதினோரு வருஷம் ஆடினான். தோள் கொடுத்து முட்டித் தள்ளுவது, ஓடிவருகிறவனைக் கட்டிச் சாய்ப்பது, இவைதான் அவன் வேலை. சனிக்கிழமை காலை ஷிப்டு முடித்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஏறி, கண்ணோரக் கரியோடு மத்தியானம் மைதானத்துக்கு வருவான். ஆட்டத்தில் அவன் பக்கத்தில் நின்று முட்டுகிறவன் நான்; சுரங்கத்திலும் கூடவே வேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் கோப்பை அரையிறுதி. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எவனுடைய முழங்காலோ அவன் நெற்றிப்பொட்டில் மோதியது. பயிற்சியாளர் பெர்சி வாளியும் ஸ்பாஞ்சுமாக ஓடிவந்து, பிடரியில் பச்சைத்தண்ணீரைப் பிழிந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"அது போதும், எந்திரி. நீ போயிட்டா பன்னெண்டு பேருதான்டா."

அப்போதெல்லாம் மாற்றாள் கிடையாது. எழுந்து ஆடினான். கடைசி நிமிடங்களில் பந்து அவன் கைக்கு வந்தது. மூன்று பேரை முதுகில் சுமந்தபடி சேற்றில் நடந்தே போய், கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி விழுந்தான். ரக்பியில் அதற்குப் பெயர்தான் ட்ரை. ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்து அணி முழுக்கச் சேர்ந்து குளிக்கும் பெரிய தொட்டியில் என்னைக் கேட்டான்: "நார்மன், ஆட்டம் எப்போ ஆரம்பிக்குது?"

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் அந்த ட்ரையை ஊர் விடவில்லை. கறிக்கடையில், சுரங்க லிப்டில், எங்கே பார்த்தாலும் "அத சொல்லுப்பா." மற்றவர்கள் சொன்னதை வைத்தே ஒப்பித்தான். அன்றிலிருந்து விடாத தலைவலியைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூன்று வருஷம் கழித்து, முட்டி தேய்ந்துபோய் விலகினான். வழியனுப்பு விருந்தில் கிளப் தலைவர் அதே கதையைக் கேட்டார். ஹெட்லி எழுந்து நின்றான்.

"எனக்கு ஒண்ணுமே நெனப்பில்லைங்க. நீங்கள்லாம் சொல்லித்தான் தெரியும்."

"எவ்ளோ அடக்கம் பாரு!" என்று கைதட்டினார்கள். அவன் மனைவி மேவிஸ் மட்டும் தட்டவில்லை. வாசலுக்கு வந்ததும் கேட்டாள்.

"நெசமாவா?"

"ஆமா."

"எங்கிட்டகூட சொல்லலியே."

"நீ அன்னிக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்த, மேவிஸ்."

திங்கட்கிழமை அவனை டாக்டரிடம் இழுத்துப்போனாள். தலையில் பட்ட அடிக்கு இனி சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்றார் அவர். மேலே விளக்கறையில், உட்கார்ந்து, சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு விளக்குகளை எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. யாராவது அந்த ட்ரையைப் பற்றி ஆரம்பித்தால், "நார்மனக் கேளு, அவன்தான் பாத்தான்" என்பான்.

எனக்கும் அலுத்துவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவனிடம் விளக்கை வாங்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கிப் போவேன்.