சுவரைத் தேய்த்த வாரம்

மாநில அலுவலகத்து அம்மாள் எங்கள் தெருவைப் பார்வையிடப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். எங்கள் மெயின் தெருவின் பழைய செங்கல் கட்டடங்கள் அவர் ஒப்புதலோடு வரலாற்றுப் பட்டியலில் ஏறினால்தான் பழுதுபார்க்க அரசு உதவி கிடைக்கும். பாதிக் கடைகள் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கின்றன. உதவி வராவிட்டால் மீதியும் பூட்ட வேண்டியதுதான். தெருக் கமிட்டித் தலைவி நான். ஏதாவது ஆனால் என் தலைதான் உருளும்.

அதனால்தான் போன வாரம் கடைகடையாய் ஏறி ஒரு சீட்டு கொடுத்தேன். "விருந்தாளி வருகிறார். கடை முகப்பைப் பளிச்சென்று வையுங்கள்." கண்ணாடி துடைப்பார்கள், வாசலில் பூத்தொட்டி வைப்பார்கள் என்று நினைத்தேன்.

மெயின் தெரு மூலையில் திரும்பினேன். டெல்மரின் ஹார்டுவேர் கடை நூறு வருஷக் கறுப்பைத் தொலைத்துவிட்டு ரத்தச் சிவப்பாய் நின்றது. வாசலில், மணலைப் பீய்ச்சிச் சுவரைத் தேய்க்கும் மெஷினோடு டெல்மர்.

"ஏய் தலைவி! எப்படி இருக்கு? மூணு நாளா முதுகு ஒடிஞ்சுபோச்சு. நீ சொன்னபடியே பளிச்!"

சுவரைத் தொட்டேன். விரலெல்லாம் சிவப்புப் பொடி. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விட்டது. இனி ஒவ்வொரு மழையையும் இந்தச் சுவர் குடிக்கும், குளிரில் அந்த நீர் உறைந்து செங்கல் உதிரும். பட்டியலில் இந்தக் கட்டடம் ஏறாது. கமிட்டித் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்பில் முதல் நாளே இதைச் சொன்னார்கள். சீட்டில் அதை ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை.

"டெல்மர்... ஒரு வார்த்தை கேட்டுட்டு செஞ்சிருக்கலாமே."

"எதுக்குக் கேக்கணும்? பாத்தவங்கல்லாம் சொக்கிப்போயிட்டாங்க. ட்ரூடிக்கு அவ பேக்கரியையும் தேய்ச்சுத் தரணுமாம். இன்னும் ஆறு பேர் சொல்லிவெச்சிருக்காங்க. என் மச்சான் ராய் இன்னொரு மெஷினோட பேக்கரிக்குப் போயிட்டான். அந்தம்மா வர்றதுக்குள்ள முன்பக்கத்துல கொஞ்சமாவது முடிச்சிருவான்."

தெருக்கோடியில் மோட்டார் உறுமியது.

ஓடினேன். "ராய், நிறுத்து!" காதை அடைத்து, முகத்தை மூடியிருந்தவனுக்கு என்ன கேட்கும்? பேக்கரிச் சுவரில் தட்டு அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. மெஷின் மேல் பாய்ந்து பொத்தானை அறைந்தேன். தெரு அடங்கியது.

டெல்மர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? அவன் நல்லதுதானே பண்றான்?"

"இல்லடா. இப்படித் தேய்ச்சா செங்கல் செத்துப்போகும். நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்பு."

அவன் திரும்பித் தன் கடையைப் பார்த்தான். அதற்குள் மாநில அலுவலகக் கார் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

"அப்ப என் கடை?" என்றான்.

நான் காரை எதிர்கொள்ள நடந்தேன். கார் மெதுவாக வந்து, தெருவிலேயே பளிச்சென்று இருந்த அவன் கடை வாசலில் முதலில் நின்றது.