இடது கைக் காப்பு

1951 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே இருந்த கண்ணாடி ஆலையின் கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. வியாழக்கிழமை காலைச் சங்கு ஊதும்போது உள்ளே இல்லாதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டவர்களாகக் கருதப்படுவார்கள்.

பாதைக்குக் கிழக்கே, கடலோரக் குப்பத்தில் இந்தச் செய்தியைக் கேட்டதும் கெங்கம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் நூலும் காய்ந்த வேப்பிலையும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதான் அவிழ்க்க வேண்டும். அதுவரை எல்லை தாண்டக் கூடாது.

காப்பு யோசனையே அவளுடையதுதான். உலையில் கண் வெந்துபோன கோதண்டத்துக்கு மாற்று வேலை தரமாட்டோம் என்று ஆலை கைவிரித்தது. அதனால்தான் வேலைநிறுத்தம். நாளாக ஆக அடுப்பு எரியாத வீடுகள் பெருகின. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் இருவராக வேலைக்கு நழுவத் தொடங்கினார்கள். சங்கத் தலைவர் செல்வநாதன் தொண்டை கிழியப் பேசிப் பார்த்தார். பசிக்குக் காது ஏது? உடைந்த கண்ணாடி பொறுக்கும் ஷெட்டில் வேலை பார்த்த கெங்கம்மாதான் எழுந்து சொன்னாள்.

"ஆடி மாசம் பொறந்துகீது. ஆத்தாளுக்குக் காப்பு கட்டிடலாம். காப்பு கட்டினவன் எல்லை தாண்டுவானா? நம்ம எல்லை எது? ரயில் ரோடு."

செல்வநாதன் சாமி கும்பிடாதவர். கோவிலை மேடைக்கு மேடை கிண்டல் செய்பவர். அவர் சிரித்தார்.

"நூறு கூட்டம் போட்டு நான் செய்யாததை ஒரு முழ நூல் செய்யும்னு சொல்றே. கட்டுங்கம்மா. எனக்கும் கட்டுங்க."

ஆடி முதல் வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் குப்பமே கூடியது. பெண்களுக்கு இடது கை, ஆண்களுக்கு வலது கை. செல்வநாதன் முறை வந்தபோது அவர் இடது கையை நீட்டினார்.

"வலது கை கையெழுத்துப் போடற கை பூசாரி. காகிதமெல்லாம் மஞ்சளாயிடும்."

கூட்டம் சிரித்தது. பூசாரி மட்டும் முணுமுணுத்தார்: "ஆம்பளைக்கு எடது கைல கட்டினா அது காப்பே இல்ல. வெறும் நூலு."

"சும்மா இரு நைனா. சாமியே இல்லேன்றவரு கை நீட்டினதே பெர்சு," என்று அதட்டினாள் கெங்கம்மா.

அதன் பிறகு யாரும் பாதையைத் தாண்டவில்லை. பேரப்பிள்ளைகளின் பசி பொறுக்காத கிழவர் ஜெயவேல் மட்டும் ஒருநாள் தண்டவாளம்வரை போனார். கெங்கம்மா அவரை வேப்பங்கொத்தால் அடித்து இழுத்துவந்து கோவில் மணலில் உருள வைத்தாள். கிழவர் எல்லார் முன்னாலும் அழுதார். செல்வநாதன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவர் மட்டும் பேச்சுவார்த்தைக்காக எல்லை தாண்டிப் போய்வந்தார். தலைவர் போகாமல் வேறு யார் போவது?

புதன்கிழமை ரோஸ்மேரி ரயில் கேட்டுக்கு வந்து அந்தப் பக்கமாகவே நின்று கெங்கம்மாவைக் கூப்பிட்டாள். கெங்கம்மாவோடு கண்ணாடி பொறுக்குபவள். மேற்கே குடியிருந்ததால் அவளுக்குக் காப்பு இல்லை. அவள் கணவன் மேனேஜர் அறையில் டீ கொண்டுபோய் வைக்கிறவன்.

"கெங்கம்மா, உங்க தலீவரு கையெழுத்துப் போட்டு எல்லாத்தையும் முடிச்சிட்டாரு. கோதண்டம் பேச்சே இல்லியாம். கெடுவை அடுத்த வாரம் வெச்சிக்கலாமான்னு மேனேஜர் கேட்டாராம். இவருதான், காப்பு கைல இருக்கசொல்லவே முடிச்சிடுங்க, அவுந்துட்சின்னா மறுபடி ஒண்ணா வந்து நிப்பாங்கன்னு சொன்னாராம். காலி எடத்துக்கு ஆளும் அவரே குட்க்கறாராம். எலெக்சன் வருதுல்ல, செலவுக்கு ஆலைத் துட்டு வோணாமா?"

கெங்கம்மா கேட்டாள்: "கையெழுத்து எந்தக் கைல போட்டாரு?"

"இன்னா கேள்விமே இது? சோத்துக் கைலதான்."

வியாழக்கிழமை விடிந்ததும் கெங்கம்மா ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பாதைக்கு நடந்தாள். தண்டவாளத்தின் மீது, அவள் பக்கத்து வீட்டு மங்கை உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் பையன். முகமெல்லாம் அம்மை முத்து. கண் திறக்க முடியவில்லை. யாரும் எல்லை தாண்டாதபடி சுற்றிலும் குப்பத்து ஜனம் நின்றது.

"எங்கமே போறே?"

"வேலைக்கு. நீயும் எந்திரிச்சி வா மங்கே. அந்தாளு நம்மள ஏமாத்திட்டான். இது வெறும் நூலு."

"அவன் கைலதான் வெறும் நூலு. உன் கைல காப்பு. ஆத்தா எம் புள்ள மேல எறங்கிகீறா. நீ அறுத்தின்னா கோவத்துல இவனைத் தூக்கிகினு பூடுவா."

"வேலை பூட்சின்னா சோத்துக்கு இன்னாமே பண்றது?"

"கட்டச் சொன்னது யாரு? நாங்களா?"

கெங்கம்மா சில்லை நூலில் வைத்தாள். முதல் அடி முதுகில் விழுந்தது. திரும்பினாள். ஜெயவேல் நின்றார். அவர் கையில் வேப்பங்கொத்து இருந்தது.

"அன்னிக்கி எனக்கு ஒரு நாயம், இன்னிக்கி உனக்கு ஒரு நாயமா? தாண்டு பாக்கலாம்."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேரின் வேலையும் அன்று அதே ஆலையில்தான் பறிபோய்க்கொண்டிருந்தது. கெங்கம்மா அடியைத் தாங்கிக்கொண்டு மங்கையின் அருகே வந்தாள். அவளைத் தள்ளிவிட ஒரு கை போதும். பையன் மடியில் முனகினான். கெங்கம்மா தள்ளவில்லை. அப்படியே நின்றாள்.

சங்கு ஊதியது.

பையன் சனிக்கிழமை மத்தியானம் இறந்தான். கெங்கம்மா ரகசியமாக நூலை அறுத்து மறுபடி முடிச்சுப் போட்டுவிட்டாள் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கடலில் இறங்கிக் காப்பை அவிழ்த்தார்கள். அவளை மட்டும் தள்ளி நின்று அவிழ்க்கச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஆலையில் அவளை உள்ளே விடவில்லை. ஷெட்டில் புதிய பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையைக் கிழித்துக்கொள்ளாமல் கண்ணாடி பொறுக்குவது எப்படி என்று ரோஸ்மேரி அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் செல்வநாதன் தேர்தலில் ஜெயித்தார். குப்பத்து ஓட்டும் பெரும்பாலும் அவருக்கே விழுந்தது.