ஆட்சேபணைக்குக் கடைசி நாள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் ஒட்டிய ஒரு நோட்டீஸிலிருந்து பிறந்தது. "இத்தெருவை நகராட்சி தன் பொறுப்பில் ஏற்றுப் பராமரிக்க உள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். முப்பது வருடமாகக் கதை எழுதுகிறவளுக்கு ஒரு பக்கக் கடிதம் வரவில்லை. பேனா சரியில்லை, மேஜை ஆடுகிறது என்று சாக்கு வேறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒருவழியாக நேற்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இன்று முப்பதாவது நாள். நகராட்சி வாசலில் இருக்கும் பெட்டியை மாலை ஆறு மணிக்கு எடுத்துவிடுவார்கள். உறை இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது.

2

முதலில் எழுதி அடித்த தொடக்கங்கள்:

ஒரு தெருவில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு எதிர்வீட்டில் பார்வையற்ற ஒரு—

ஒரு பெண்ணாம்! எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். அந்தப் பெண் நான். எதிர்வீட்டில் இருப்பவன் என் தம்பி.

யாருக்கும் சொந்தமில்லாத தெரு அது. அதன்—

இதுவும் தப்பு. இருபத்திரண்டு வீட்டுக்கும் சொந்தமான தெரு. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

[இடையில் ஒரு விளக்கம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். மனை பிரித்து விற்றவர் ஒரு ரோடு மாதிரி எதையோ போட்டுவிட்டுப் போய்விட்டார். நகராட்சி தானாக வந்து எடுத்துக்கொள்ளாது. தெரு நிலத்தை எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அகலம், மேடு, பள்ளம், தண்ணீர் வடிகிற வாட்டம் எல்லாம் அவர்கள் கணக்குக்கு ஒத்துவர வேண்டும். அதுவரை குழியும் நம்முடையது, சேறும் நம்முடையது.]

3

இனி தெருவில் இருக்கும் ஒரு கோடு பற்றி.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். தம்பிக்குக் கண் முழுதும் போய்விட்ட வருடம், அவன் கேட்டிலிருந்து எங்கள் கேட் வரை தெருவுக்குக் குறுக்கே ஒரு சிமெண்ட் வரப்பு போட்டார். இரண்டு விரல் உயரம். இரண்டு கேட்டும் நேருக்கு நேர் இல்லாததால் கோடு சாய்வாகப் போகும். கோலை அதன்மேல் தட்டிக்கொண்டே வந்தால் எங்கள் வாசல்.

மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிற வேலை தம்பிக்கு. காலையில் வேன் வந்து கூட்டிப் போய், மாலையில் கொண்டு வந்து விடும். சரியாக ஐந்து மணிக்குக் கோல் சத்தம் கேட்கும். எங்களோடேயே வந்து இருடா என்றால், "எதிர்வீடு என்ன வெளிநாடாக்கா?" என்பான்.

ஒன்பது வருடமாக ஐந்து மணிக்கு நான் ஜன்னலில் நிற்கிறேன்.

4

தெருவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதினொரு மனு போனது. பதினொன்றையும் எழுதியது நான். தெருவில் எழுதத் தெரிந்தவள் என்று பெயர் இருக்கிறதே, அந்தப் பெருமை. பத்து மனுவுக்குப் பதில் இல்லை. பதினொன்றாவதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், குண்டும் குழியுமான தெருவில் ஒரு சிமெண்ட் கோட்டை நம்பி நடக்கும் பார்வையற்றவரைப் பற்றி உருக்கமாக நாலு பத்தி எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும்.

உடனே வந்தார்கள். இன்ஜினியர் ஒரு பெண், என் மகள் வயது. "மனுவப் படிச்சு அழுதுட்டேன்மா. அதான் நானே நேர்ல வந்தேன்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டாள். தெருவில் ஊற்றினாள். ஓடி வந்த தண்ணீர் கோட்டில் முட்டிக் குளமாக நின்றது. அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நின்னா ரோடு போயிடும்மா. இத எடுத்தாத்தான் நாங்க ஏத்துக்க முடியும்."

"அப்புறம் நாங்களே வேற மாதிரி போட்டுக்கறோமே?"

"எங்க ரோடு ஆயிட்டா ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேணும்மா." கொஞ்சம் தயங்கிவிட்டு அவளே சொன்னாள்: "நீங்க ஆட்சேபணை குடுங்க. கோட்டுக்கு மாத்து வழி இருக்கான்னு குழு உக்காந்து பாக்கும். ஆனா வருஷம் ஒண்ணோ ரெண்டோ ஆகும். அதுவரைக்கும் தெரு உங்க தலையிலதான்."

5

இருபத்திரண்டு வீட்டையும் இந்தக் கதைக்குள் கொண்டுவர முடியாது. ஒருத்தி போதும். முனை வீட்டு மருமகள். ரோடு இருந்த இருப்புக்கு ஆம்புலன்ஸ் உள்ளே வரமாட்டேன் என்றதால், பிரசவ வலியோடு அவளை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். என் பக்கத்து நாற்காலிக் கால் சேற்றில் இறங்கியபோது அவள் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

அவள் வந்து என்னைத் திட்டியிருக்கலாம். கதைக்கும் நன்றாக இருந்திருக்கும். அவளோ, "நீங்க எழுதினாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றுதான். "எடுக்கறதா இருந்தா நானே பேத்துடறேன். அவங்க மிஷின விட்டு ஒடைக்கறத என்னால பாக்க முடியாது."

6

இந்தக் கதையில் நான் நம்பாத பாத்திரம் என் தம்பி.

நேற்று டீ குடித்துக்கொண்டே கேட்டான். "என்னக்கா, மூணு நாளா பேப்பர் கிழிக்கற சத்தமா இருக்கு?"

சொன்னேன். சிரித்தான்.

"அந்தக் கோடு எனக்குன்னா நெனச்சிட்டிருக்க? அது உனக்குக்கா."

"உளறாதடா."

"நாலு வருஷமா எனக்கு அது தேவையே இல்ல. கேட்லேருந்து பதினாலு எட்டு. உங்க மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏறற சத்தத்தப் பாத்துத் திரும்பினா உன் வாசல். நீ ஜன்னல்ல மூச்சப் பிடிச்சிட்டு நிப்பியேன்னுதான் தட்டிக்கிட்டு வரேன். நாளைக்குத் தட்டாம வரேன், பாரு."

எவ்வளவு நல்ல வசனம்! நானே எழுதியிருந்தால் இங்கேயே கதையை முடித்திருப்பேன்.

ஆனால் இவன் யார் தெரியுமா? கண் மங்கிக்கொண்டே வந்ததை இரண்டு வருடம் என்னிடமிருந்து மறைத்தவன். "பல்பு சரியில்லக்கா" என்பான். நான் பல்பு மாற்றினேன். எழுதுகிற பாத்திரத்தின் இமை துடிப்பது வரை பார்க்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட தம்பி தட்டைத் தடவியதைப் பார்க்கவில்லை. அதற்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

தெரு நல்லா இருக்கட்டும் என்று இப்போதும் பொய் சொல்கிறானா? சொல்லக்கூடியவன்தான்.

7

முடிவுகள்:

அ) தட்டாமல் நடந்து வருகிறான். அக்கா கடிதத்தைக் கிழிக்கிறாள். தெருவில் தார் வாசனை. (இனிப்பு அதிகம்.)

ஆ) நடுத்தெருவில் நின்றுவிடுகிறான். அக்கா ஓடிப்போய்க் கையை— (இல்லை. இதை எழுத என்னால் ஆகாது.)

இ) குழு கூடி மாற்று வழி கண்டுபிடிக்கிறது. (குழுவைப் பார்த்திருக்கிறீர்களா?)

8

மணி ஐந்தாகப் போகிறது. வேன் வந்து போய்விட்டது.

நான் பார்த்தால் எனக்கு வேண்டியதைத்தான் பார்ப்பேன். முன்பும் அப்படித்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் என்னைப் போலத்தான். ஆகவே நீங்கள் கொஞ்சம் இந்த ஜன்னலில் வந்து நில்லுங்கள். உறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அடுக்களையில் இருப்பது பாத்திரச் சத்தத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் நிற்பது தெரியாது, அதனால் நடிக்க மாட்டான்.

அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், சிரித்துக்கொண்டுதான் வருவான். கோலின் நுனியைப் பாருங்கள். அது ஒரே ஒரு தடவை கோட்டைத் தேடினாலும், ஆறு மணிக்குள் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். முனை வீட்டு மருமகளிடம் நான் பேசிக்கொள்கிறேன். தேடவே இல்லையென்றால் கிழித்துவிடுங்கள். எப்படியானாலும், என்ன பார்த்தீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

அவன் கேட் திறக்கிறது. நான் டீக்குப் பால் வைக்கப் போகிறேன்.