கடைசிக் கரண்டி

பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்தெடுக்கக் கையை விட்ட சாப்பாட்டம்மாவுக்கு விரல் நுனியில் வெதுவெதுப்பு தட்டியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பிரமையாக இருக்கும் என்று மறுபடியும் விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஆறினபடியே பரிமாறிய சாப்பாடு அது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த வாடை அடித்தது.

பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்துப் பூட்டின மாதிரிதான் என்று, கோடை விடுமுறை முழுக்க இந்தச் சமூகக் கூடத்தில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறாள் அவள். பிள்ளைகளுக்கு அவள் சாப்பாட்டம்மாதான், பெற்றவர்கள் வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் மசித்துத் தயிர் விட்ட கலவை, ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தருவது. முந்தின நாள் சாயங்காலமே கலந்து, அகலத் தட்டுகளில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பிக் குளிர வைப்பதுதான் வழக்கம். ஆனால் நேற்று பால் பெட்டிகள் ஒரேயடியாக வந்து இறங்கிக் குளிர்பெட்டியை அடைத்துக்கொண்டன. தட்டுகளுக்கு இடமில்லை. ஒரு நாள்தானே என்று, சூடு ஆறாத கலவையை அப்படியே ஓர் ஆழப் பாத்திரத்தில் கொட்டி, மூடி உள்ளே தள்ளிவிட்டாள். மேலே ஆறும், உள்ளே ஆறாது என்று வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பவளும் அவளேதான்.

பிள்ளைகளுக்கு முன்னால் பொறுப்பாளர் சாப்பிட வேண்டும் என்பது அங்கே முறை. அதிலும் குறை வைக்கவில்லை. மேலாக ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டாள். ஜில்லென்று இருந்தது. உப்பு கச்சிதம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

உதவிக்கு வந்து மேசை துடைத்துக்கொண்டிருந்த தன் ஓரகத்தியைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினாள்.

"இத மோந்து பாரு."

"தயிர் விட்டா புளிக்காம இனிக்குமா அக்கா?"

"அடியெல்லாம் வெதுவெதுன்னு இருக்குடி."

"இந்த வெயில்ல நானே வெந்துபோய் நிக்கிறேன். பாத்திரம் மட்டும் ஜில்லுன்னு இருக்குமா?"

சொன்னாளே தவிர, இன்னொரு தரம் மோந்து பார்க்க அவள் தயாராக இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சாப்பாட்டம்மா வாசலுக்கு விரைந்தாள்.

அடியில் இருந்ததைக் கடைசியாக வாங்கியவர்கள் நாலைந்து பேர். அவர்களில் பையன்கள் எல்லாரும் வாசலிலேயே பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி, ஒவ்வொருவன் வயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். வலிக்குதா, குமட்டுதா என்று துருவினாள். கூச்சம் தாங்காமல் ஒருவன் நெளிந்தான், மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். சில்வண்டு மட்டும் அங்கே இல்லை. முதல் ஆளாக வந்து தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல மறுபடியும் வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்கிற பெண் அவள். ஆறு வயது, ஊசி மாதிரி உடம்பு. இன்றைக்கும் ஒட்டிக்கொண்டாள். அடியிலிருந்து தோண்டி, தாராளமாக வைத்துக் கொடுத்தது சாப்பாட்டம்மாவின் இதே கைதான்.

"இந்தப் பசங்க வீட்டுக்கெல்லாம் நீ போன் போட்டுச் சொல்லிடு. நான் அவ வீட்டுக்குப் போறேன்."

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. ஒண்ணும் ஆகலைன்னா? நாமளே வாயக் குடுத்து மாட்டிக்கணுமா? நாளைக்கே வந்து கூடத்த மூடிடுவாங்க. இத்தனை புள்ளைங்களும் எங்க போகும்?"

"ஆயிடுச்சுன்னா?"

ஓரகத்தி போனை எடுத்தாள்.

வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. ஓடினால் பார்க்கிறவர்கள் கேட்பார்களே என்று முதலில் வேகமாக நடந்தாள். முனை திரும்பியதும் வெட்கத்தை விட்டு ஓடினாள். ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று வாய் முணுமுணுத்தது. மனசோ ஆம்புலன்சையும் அதைச் சுற்றி நிற்கும் கூட்டத்தையும் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள்.

சில்வண்டின் அம்மா வீட்டிலேயே தையல் தைப்பவள். கதவைத் திறந்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாங்கக்கா, தூங்குறா. பகல்ல கண்ணையே மூடாதவ, இன்னைக்கு வந்ததும் படுத்துட்டா. வயிறு நெறஞ்ச களைப்பு போல. உங்க புண்ணியம்."

சாப்பாட்டம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், துணிக் குவியல் மேல் சுருண்டு கிடந்தது பிள்ளை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்பே அவளைப் பயமுறுத்தியது.

"இன்னைக்குச் சாப்பாடு கெட்டுப் போயிருக்கும்மா. தப்பு என் பேர்லதான். பாத்திரத்தோட அடியில இருந்தது இவளுக்குத்தான் போச்சு."

அந்த அம்மா கத்தியிருந்தால் தேவலை. அவள் மண்டியிட்டு மகளின் நெற்றியில் கை வைத்தாள். பிறகு தன் நெற்றியில் வைத்தாள். மறுபடியும் மகளுடையதில்.

"சுடுதா, என் கைதான் சுடுதா, ஒண்ணும் புரியலையே. நீங்க தொட்டுப் பாருங்க."

சாப்பாட்டம்மா தொட்டாள். அறையே அடுப்படி மாதிரி இருந்தது. சுவர், தரை, துணி எல்லாம் சுட்டன. பிள்ளையின் நெற்றியும் சுட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எழுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடுங்க, அது உள்ளே தங்குதான்னு பாருங்க, வாந்தி எடுத்தா உடனே தூக்கிட்டு வந்துடுங்க என்றது அந்தப் பக்கக் குரல். கீழே ஆட்டோ ஒன்றை நிற்க வைக்கும்படி ஓரகத்திக்கும் போனில் சொன்னாள்.

எழுப்பியும் பிள்ளை எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள் தாய். கன்னத்தில் தட்டினாள். அப்புறம்தான் சில்வண்டு கண்ணைத் திறந்து, சிணுங்கி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வயிறு வலிக்குதாடி கண்ணு?" என்றாள் தாய்.

"தெரியல" என்றாள் சில்வண்டு.

டம்ளரை வாயில் வைத்தார்கள். ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்தாள். தாய் குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து பிள்ளையின் மடிக்கு நேராக வைத்தாள். ஒரு பக்கம் அவளும் மறு பக்கம் சாப்பாட்டம்மாவும் தரையில் உட்கார்ந்தார்கள். கீழே ஆட்டோ வந்து நின்று உறுமியது. வாளி காலியாக இருந்தது. மூன்று பேரும் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.