ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்

மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது. நான் மலைக்கு இந்தப் பக்கம், ஸஹ்லே ஊர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். என் மனைவி மாய்சாவின் கணினி பெய்ரூட்டில், எங்கள் வீட்டில்.

அவள் தேனீ வளர்ப்பு நூல் ஒன்றை அரபியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, "கடைசி அத்தியாயத்த இன்னும் சேமிக்கல, அணைச்சிடாத" என்றாள். அவள் திரும்பி வரவில்லை; இருபத்து மூன்று நாளாகிறது. அணைக்கவில்லை. அந்த அறைக்குள் நான் போகவும் இல்லை. இன்று ஐந்து மணிக்குள் அத்தியாயம் வராவிட்டால் வேறொருவரை எழுதச் சொல்லிவிடுவதாகப் பதிப்பாளர் காலையில் சொன்னார்.

இங்கிருந்தே அவளுடைய லினக்ஸ் கணினிக்குள் மூன்று முறை நுழைந்தேன். மூன்று முறையும் கறுப்புத் திரை.

பக்கத்து மேசை நாஜி எட்டிப் பார்த்தான்.

"உள்ள ஏற்கெனவே யாரோ இருக்காங்கடா. அதே பேர்ல ரெண்டாவது ஆள் போனா இப்படித்தான் இருட்டடிக்கும். அவங்களத் தூக்கி வெளிய போடு. ஒரே ஒரு வரிக் கட்டளைதான்."

"உள்ள இருக்கிறது மாய்சா."

அவன் தன் இடத்துக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே சொன்னான். "புதுசா எதையும் திறக்காத. அங்க இருக்கிற திரையவே இங்க காட்டச் சொல்லு. ஆனா அந்தப் பக்கம் யாராவது 'அனுமதி'ய அழுத்தணும்."

அந்தப் பக்கம் இருந்தது என் மாமியார் நுஹாத். தொலைபேசியில் அழைத்தேன்.

"மாப்ளே, குளிருது. ஹீட்டரப் போட்டுக்கவா?"

"வேணாம் அத்தை."

மூன்று நாளாக மழை. சோலார் பேட்டரி காலி. தெருவுக்கே பொதுவான ஜெனரேட்டரில் எங்கள் பங்கு ஐந்து ஆம்பியர். ஹீட்டரைப் போட்டால் கணினியும் சேர்ந்து அணையும்.

"திரைல ஒரு பெட்டி வந்திருக்கா?"

"வந்துச்சு. கண்ணாடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிடுச்சு."

அனுமதி கேட்கும் பெட்டி முப்பது நொடிதான் நிற்கும். மறுபடி அனுப்பினேன்.

"இப்ப?"

"ரெண்டு பொத்தான் இருக்கு. ஒண்ண அழுத்திட்டேன்."

"எத?"

"பாக்க நல்லா இருந்தத."

மறுக்கப்பட்டது என்று வந்தது. மணி நாலு இருபது.

"வலது பக்கம் இருக்கிறத அழுத்துங்க அத்தை."

"உன் வலதா, என் வலதா? நீதான் அந்தப் பக்கம் இருக்கியே."

"உங்க வலது. காபி குடிக்கிற கை."

"அதுக்குள்ள பெட்டி போயிடுச்சு. நீ பேசிட்டே இருந்தா நான் எப்படிப் பாக்கிறது? காலு மரத்துப்போச்சு, ஹீட்டர் மட்டும் கூடாதாம்."

நாஜி சிரிப்பை அடக்கினான். எனக்கு விசைப்பலகையைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. மறுபடி அனுப்பினேன்.

ஆறாவது முறை படம் வந்தது. அவள் விட்டுப்போன பக்கம். கடைசி வாக்கியம் பாதியில் நின்றது.

சேமிக்கும் விசை வேலை செய்யவில்லை. அங்கே விசைப்பலகை அரபியில் இருந்தது. சுட்டியை மேலே இருந்த 'சேமி' பொத்தானுக்கு இழுத்தேன். படம் தாமதமாக வந்தது. அம்பு இலக்குத் தவறி ஓடியது, திரும்பியது, மறுபடி ஓடியது.

"மாப்ளே, அம்பு தானா நகருது."

"நான்தான் அத்தை."

"தெரியுது. மெதுவா நகர்த்து."

மெதுவாக நகர்த்தினேன். சேமித்தேன். நாலு ஐம்பதுக்கு அனுப்பினேன். பாதி வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. தேனீக்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிடைத்தது என்று பதிப்பாளர் பதில் போட்டார்.

"முடிஞ்சது அத்தை. இனிமே ஹீட்டரப் போட்டுக்கோங்க. கணினி அணைஞ்சாலும் பரவால்ல."

"வேணாம். போர்வை இருக்கு."

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுக்கும் சத்தம் கேட்டது.