ஆறாவது டியூப்

கோட்டுச்சேரி கடைத்தெருவில் மருதையனின் சைக்கிள் கடை வாசலில் எப்போதும் ஒரு தகரத் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். டியூபில் காற்றடித்து அதில் முக்கி, குமிழி வரும் இடத்தில் பஞ்சர் ஒட்டுவான். அன்று காலை அந்தத் தொட்டிக்கு வேலை இல்லை. கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, புது டியூப்களில் வால்வைக் கழற்றி, சின்னப் புனல் வைத்துச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆறு டியூப் நிரம்பின. ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து, ஒழுகவில்லை என்று தெரிந்ததும் சுருட்டிக் கட்டினான்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் அது. எல்லையில் இருக்கும் பூவத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே மதுவிலக்கு. இந்தப் பக்கம் காரைக்காலில் தெருவுக்குத் தெரு சாராயக் கடை. அதனால் எல்லை தாண்டிப் போகிற காரைக்கால்காரனைப் பார்த்ததும் வெளியூர்ச் சொந்தக்காரர்களின் கண் முதலில் அவன் பைக்குத்தான் போகும். வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை. சிதம்பரத்தில் மருதையனின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். "நீ வந்தா போதும்ணே" என்று கடிதம் போட்டிருந்தான் தம்பி. அதற்கு என்ன அர்த்தம் என்று மருதையனுக்குத் தெரியும்.

மருதையனும் நண்பர்கள் இரண்டு பேரும் சைக்கிளிலேயே போவதென்று முடிவு செய்தார்கள். போகவர நாலு நாள். சார்லின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பிரான்சு போகக் காகிதம் வருமென்று இரண்டு வருஷமாகக் காத்திருந்த சார்லுக்குப் பொழுது போகவேண்டும். அப்துல் லத்தீப் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். குடிக்க மாட்டான், டியூபையும் தன் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆனால் சார்ல் கேட்டதற்காக ஒரு போர்டு மட்டும் எழுதிக் கொடுத்தான். பச்சை மையில் அழகான எழுத்து: 'மதுவிலக்குப் பிரசார சைக்கிள் பயணம். காரைக்கால் நண்பர்கள்.'

"இந்தப் போர்டப் பாத்தா எந்த போலீஸ்காரன் நம்மள நிறுத்துவான்?" என்றான் சார்ல்.

அவன் சொன்னது பலித்தது. பூவம் எல்லையில் போலீஸ்காரர் போர்டைப் படித்துவிட்டுக் கைகூப்பி அனுப்பினார். மூன்று பேரும் அடுத்த மைல் வரைக்கும் சிரித்துக்கொண்டே மிதித்தார்கள். தரங்கம்பாடிக் கடலில் குளித்தார்கள். நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து எழுந்ததில், திருக்கடையூர் தாண்டவே வெயில் சாய்ந்துவிட்டது. அங்கே கருவேலந்திடல் என்ற சின்ன ஊரின் வாய்க்கால் பாலத்தருகே லத்தீப் வண்டியின் பின் டியூப் வெடித்தது.

போர்டைப் பார்த்து ஊர் கூடிவிட்டது. காசியம்மா என்ற பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும், ஒரு செம்பு நிறைய மோரோடு வந்தாள்.

"உங்கள மாதிரி புள்ளைங்க ஊரூரா வரணும் தம்பி. இந்தா நிக்கிறாரே, எங்க வீட்டுக்காரரு. குடிச்சிக் குடிச்சி வீட்டுக் கூரையக்கூட வித்தவரு. கடையெல்லாம் மூடுனப்பறமும் எங்கயாச்சும் தேடிப் போயிக்கிட்டுதான் இருந்தாரு. இப்ப ரெண்டு வருசமாத் தொடல. எம்பொண்ணு அல்லிய மறுபடியும் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கேன். நாலு வார்த்த பேசிட்டுப் போங்க, அவருக்கும் ஒரு தெம்பா இருக்கும்."

அவள் புருஷன் காத்தமுத்து வெட்கத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். புதுக் கீற்று வேய்ந்த அவன் வீடு பாலத்திலிருந்தே தெரிந்தது. மருதையனுக்கு வேறு வழியில்லை. பாலத்துக் கட்டைமேல் ஏறிப் பேசினான். பேச ஆரம்பித்ததும் நன்றாகவே வந்தது. குடியால் அழிந்த குடும்பங்களைப் பற்றி அவன் சொல்லச் சொல்லப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் கேட்டபோது அவனுக்கே தான் நல்லவன் என்றுதான் தோன்றியது.

இதற்கிடையே காத்தமுத்து உதவி செய்யப் போனான். "இத்தன டியூப் கெடக்கே, ஒண்ண மாட்டிட வேண்டியதுதான்" என்று மருதையனின் காரியரிலிருந்து ஒன்றை அவிழ்த்துக் கையில் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். டியூப் கனத்தது. உள்ளே ஏதோ தளும்பியது. வால்வு ஓரம் கசிந்த ஈரம் விரலில் பட்டது. விரலை மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று வேட்டியில் துடைத்துக்கொண்டான். மருதையன் அதைப் பார்த்தான். காத்தமுத்து டியூபைப் பழையபடியே காரியரில் வைத்துக் கட்டினான்.

அன்று தங்குவதற்குப் பள்ளிக்கூடக் கொட்டகையைக் கொடுத்தார்கள். வெடித்த டியூபுக்கு மருதையன் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, இருட்டுவதற்கு முன்பே காத்தமுத்து வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தான்.

"நான் யாருகிட்டயும் சொல்லல தம்பி. பயப்படாதீங்க" என்றான். பிறகு, "அந்த ஒரு டியூப் கசியுது. சீர்காழிப் பக்கம் போலீஸ் மோந்து பாக்கும்" என்றான்.

மருதையன் காரியரைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு டியூபால் மற்ற ஐந்தும் மாட்டிக்கொண்டால் கல்யாண வீட்டில் மானம் போய்விடும். கொட்டிவிட்டால் தீர்ந்தது. கொட்ட மனசு வரவில்லை. யோசித்துவிட்டு, "அண்ணே, இத ஒங்க வைக்கப்போருக்குள்ள சொருகி வைங்க. திரும்பி வரும்போது எடுத்துக்கறோம்" என்றான்.

காத்தமுத்து உடனே கை நீட்டவில்லை. "என்கிட்டயா?" என்று கேட்டான்.

"ஒங்களுக்கு மட்டுந்தான விசயம் தெரியும்."

காத்தமுத்து டியூபை வாங்கித் துண்டில் சுருட்டிக்கொண்டு போனபின் லத்தீப் வாயைத் திறந்தான். "அந்தாளு இத்தன நாளாத் தொடாம இருக்காரு. அவருகிட்டயா குடுக்குற?"

"அதனாலதாண்டா குடுத்தேன். தொடாத ஆளுகிட்டதான் பத்திரமா இருக்கும்."

சார்ல் அதற்கும் சிரித்தான்.

சிதம்பரத்தில் ஐந்து டியூப்களுக்கும் ஏக வரவேற்பு. மாப்பிள்ளைத் தோழர்கள் மருதையனைத் தோளில் தூக்காத குறை. ஆறாவது எங்கே என்று ஒருவன் கேட்டான், வழியில் பத்திரமாக இருக்கிறது என்று மருதையன் சொன்னான். இரண்டு நாளும் அவனுக்குக் காத்தமுத்துவின் நினைப்பே வரவில்லை.

நாலாம் நாள் மதியத்துக்கு மேல் கருவேலந்திடல் பாலத்துக்கு வந்தபோது பறை ஒலி கேட்டது. கீற்று வீட்டு வாசலில் பச்சை மூங்கிலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மருதையனின் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது.

பக்கத்தில் நின்ற ஒருவர் தானாகவே சொன்னார். "நீங்க போன அன்னக்கே காத்தமுத்து வேலைக்கு வரல. வைக்கப்போரு பக்கத்துலயே கெடந்திருக்கான். நேத்து சாயங்காலம் வாய்க்கால்ல குப்புறக் கெடந்தான். முழங்கால் தண்ணிதான் தம்பி. எவன் கொண்டாந்து குடுத்தான்னு தெரியல."

காசியம்மாவின் கண்ணில் போர்டு பட்டதும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வந்துட்டீங்களா தம்பி. நீங்க பேசிட்டுப் போன அன்னக்கி, 'அந்தப் புள்ள நல்லாப் பேசுச்சி'ன்னு சாப்புடும்போது சொன்னாரு தம்பி. அப்பறம் எந்தப் பாவியோ..." மகளைக் கூப்பிட்டாள். அல்லி ஒரு சைக்கிள் டியூபோடு வந்தாள். "வைக்கப்போருல கெடந்துச்சி. உங்களுதுதான், மறந்து உட்டுட்டுப் போயிட்டீங்க. அடுத்தவங்க பொருளு எங்களுக்கு எதுக்கு? எடுத்துக்குங்க." பிறகு போர்டைக் காட்டி, "இதப் புடிச்சிக்கிட்டு அவருக்கு முன்னாடி நடங்க தம்பி. ஊர்ல இருக்கறவன் பாக்கட்டும்" என்றாள்.

டியூப் மருதையனின் கையில் காற்றைப் போலக் கனமில்லாமல் தொங்கியது. சார்ல் அவன் சட்டையை இழுத்து, "வாடா, போயிடலாம்" என்று முணுமுணுத்தான். போயிருக்கலாம். அந்த ஊரில் அவர்களைச் சந்தேகப்பட ஒரு ஆள் இல்லை. லத்தீப் மட்டும் தான் எழுதிய எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மருதையன் சைக்கிளிலிருந்து போர்டை அவிழ்த்தான். இரண்டு எட்டு வைத்தான். பாடையில் கிடந்த முகத்தைப் பார்த்தபோது, "என்கிட்டயா?" என்று கேட்ட குரல் காதில் விழுந்தது. அதற்கு மேல் அவனால் நடக்க முடியவில்லை. காசியம்மாவின் காலடியில் போர்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"நான்தாங்க்கா குடுத்தேன். இந்த டியூபுல இருந்தது சாராயம். வச்சிருங்கன்னு நான்தான் குடுத்துட்டுப் போனேன்."

பறை நின்றது. முதல் அடி முதுகில் விழுந்தது, அடுத்தது கன்னத்தில். சார்லையும் பிடித்துக்கொண்டார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, காசியம்மாதான் நடுவில் வந்து தடுத்தாள்.

"அடிக்காதீங்க. வாங்குன அடி நாலு நாள்ல ஆறிப்போயிடும். இவனுக்கு ஆறக்கூடாது."

அவள் கண்ணில் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மருதையனைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு குடிச்சிதான் செத்தாரு. நான் இல்லங்கல. ஆனா ரெண்டு வருசம் அவரு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையி நடுங்கும், ராவுல எந்திரிச்சி உக்காந்து அழுவாரு. அப்பிடி மீண்டு வந்த மனுசன நீ ஒரு சாயங்காலத்துல கொன்னுட்ட. ஒருத்தன் குடிய விடணும்னா அவன் மட்டும் நெனச்சாப் போதாது. சுத்தி இருக்கறவன் அவன் கையில கொண்டுபோயிக் குடுக்காம இருக்கணும். குடிச்சவனுக்கு எவ்வளவு பாவமோ, கொண்டாந்து குடுத்தவனுக்கும் அவ்வளவு பாவம். போர்டு மாட்டிக்கிட்டுக் கொண்டாந்தவனுக்கு அதுக்கும் மேல."

பிறகு குனிந்து போர்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இத மாட்டிக்கிட்டே நீ ஊரூராப் போ. ஆனா அன்னக்கிப் பேசுனதப் பேசாத. காத்தமுத்து எப்பிடிச் செத்தாருன்னு சொல்லு."

பாடையைத் தூக்கினார்கள். மருதையனைத் தோள் கொடுக்க யாரும் விடவில்லை. காலி டியூபைக் கையில் பிடித்தபடி எல்லாருக்கும் பின்னால் நடந்தான். அல்லி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.